சீன டிராகன் அங்கி: கெசியா, எம்பிராய்டரியா?

சீனாவின் சிங் வம்ச அரசவை அங்கிகளைப் படிக்கவோ, ஒரு துண்டாவது சேகரிக்கவோ நினைப்பவர்கள் பலரும் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

செய்முறை: கெசி என்பது ஒரு சீனப் பட்டு நெசவு; அதில் ஓவியமே தறியில் பிறக்கிறது. நிறத்துக்கு ஒரு சிறு நாடா, அதாவது நூலைக் கொண்டு ஓடும் தறிக்கருவி. அந்த நிறம் முடியும் இடத்திலேயே குறுக்கே ஓடும் ஊடை இழை திரும்பிவிடும். அதனால் இரு நிறங்கள் சந்திக்கும் ஓரத்தில் மெல்லிய பிளவு விழுகிறது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், டிராகனின் உடலைச் சுற்றி ஊசிக்கீறல் போல ஒளி கசியும். எனக்கு அந்த ஒளியைப் பார்த்தால் கண்ணை எடுக்கவே மனம் வராது.

எம்பிராய்டரியில் பட்டுத்துணி முதலில் தயார். அதன்மேல் தங்க இழையைப் படுக்கவைத்து, மெல்லிய நூலால் பிடித்துத் தைப்பார்கள். டிராகன் புடைத்து நிற்கும்.

பின்பக்கம்: கெசியில் அதே படம். எம்பிராய்டரியில் முடிச்சும் நூல் தாவலும்.

விலை: ‘ஓர் அங்குலக் கெசி, ஓர் அங்குலத் தங்கம்’ என்பது சீனச் சொலவடை. எம்பிராய்டரி செய்த சட்டைக்கைப் பட்டைகள் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கும்.

நீடித்து உழைப்பது: கெசியைத் தொங்கவிட்டால் பிளவு நீளும், படுக்கவைத்தே காக்க வேண்டும். எம்பிராய்டரியில் பிடிநூல் அறுந்து தங்க இழை கிளம்பும், ஆனால் அடித்துணி தாங்கும்.

அப்புறம் ஒன்று: 19-ஆம் நூற்றாண்டின் கெசி பலவற்றில் நுணுக்கங்களைத் தூரிகையால் வரைந்திருப்பார்கள். உருப்பெருக்கியில் பாருங்கள்.

நெசவின் நுட்பத்தை அறிய விரும்புகிறவருக்குக் கெசி. முதல் துண்டு வாங்குபவருக்கு, சந்தேகமே வேண்டாம், எம்பிராய்டரி.