12-ஆம் பாரில் விட்டுப்போன ஒரு சுரம்: சிபெலியஸ், டோரிகோ, மியூஸ்கோர், லில்லிபாண்ட்

இசைக்குறிப்பு மென்பொருள் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒலி எப்படி, விலை என்ன என்று பார்த்து முடிவெடுத்துவிடுகிறார்கள். எழுதி முடித்ததை மாற்ற வேண்டி வரும் நாளில்தான் ஒவ்வொன்றின் குணமும் வெளியே தெரியும். அதனால் இங்கே ஒரே சோதனையை சிபெலியஸ், டோரிகோ, மியூஸ்கோர், லில்லிபாண்ட் என்ற நான்கு மென்பொருள்களிலும் செய்து பார்க்கலாம். 4/4 தாளத்தில் 40 பார் (நான்கு பீட் கொண்ட ஒரு தாளச் சுற்று ஒரு பார்) கொண்ட மெட்டு. முழுதும் எழுதியாயிற்று. 12-ஆம் பாரில் ஓர் எய்த் நோட் (அரை பீட் நீளச் சுரம்) விட்டுப்போனது இப்போதுதான் கண்ணில் படுகிறது. அதைச் சேர்த்தால் அதற்குப் பின்னால் இருக்கும் அத்தனை சுரங்களும் அரை பீட் தள்ளிப் போக வேண்டும்.

டோரிகோவில் இது சில நொடி வேலை. ஐ விசையைத் தட்டினால் இன்சர்ட் (செருகும்) நிலை வரும். நீளத்தைத் தேர்ந்து சுரத்தை இட்டால் பின்னால் உள்ளவை தாமாக நகரும். பார்களைப் பிரிக்கும் கோடான பார் லைனைத் தாண்டும் சுரங்கள், இரண்டையும் ஒரே சுரமாக இணைக்கும் வளைகோடான டையோடு இரண்டாகப் பிரிந்து எழுதப்படும். டோரிகோ ஒரு சுரத்தைத் தொடங்கும் இடம், நீளம் என்ற இரண்டு தகவல்களாகத்தான் வைத்துக்கொள்கிறது. அதை எந்த வடிவத்தில் எழுதுவது என்பதைத் தாளத்தைப் பார்த்து ஒவ்வொரு முறையும் புதிதாக முடிவு செய்கிறது. டிரிப்லெட் (இரண்டு சுரத்தின் நேரத்தில் வரும் மூன்று சுரங்கள்) பார் லைனைத் தாண்டினாலும் ஏற்றுக்கொள்கிறது.

சறுக்கும் இடங்கள் இரண்டு. இன்சர்ட் நிலை இயல்பாக நாம் எழுதும் அந்த ஒரு சுர வரியை (வாய்ஸ்) மட்டுமே நகர்த்தும். மற்ற வாத்தியங்களும் சேர்ந்து நகர வேண்டும் என்றால் அதன் எல்லையை முன்கூட்டியே மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் மெட்டு மட்டும் அரை பீட் பின்தங்கி, துணை வாத்தியங்கள் பழைய இடத்திலேயே நிற்கும். இரண்டாவது, வேலை முடிந்ததும் அந்த நிலையை அணைக்க மறப்பது. பத்து நிமிடம் கழித்து ஒரு சுரத்தை அழித்தால் அதற்குப் பின் உள்ளதெல்லாம் முன்னால் இழுபடும். திரையில் தெரியாத பக்கத்தில் அது நடந்துகொண்டிருக்கும்.

மியூஸ்கோரில் பார் என்பது கொள்ளளவு உள்ள பெட்டி. கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு சுரத்தின் எழுத்தைத் தட்டினால் சுரம் உள்ளே நுழையும். ஆனால் அந்த ஒரு பார் மட்டும் நாலரை பீட்டாக நீளும். பாரின் வலது மேல் மூலையில் சிறிய கூட்டல் குறி தெரியும். அச்சில் அது வராது என்பதால் கவனிக்காமல் விட்டுவிடுவது எளிது. 13-ஆம் பாரிலிருந்து எதுவும் நகர்ந்திருக்காது. நமக்கு வேண்டியது அது இல்லையே. சரியான வழி இது: செருக வேண்டிய இடத்திலிருந்து கடைசி வரை தேர்ந்து வெட்டி, அரை பீட் தள்ளி ஒட்டிவிட்டு, காலியான இடத்தில் சுரத்தை எழுத வேண்டும். டை எல்லாம் தானாக வந்துவிடும். ஆனால் நகர்ந்த பகுதியில் ஒரு டிரிப்லெட் பார் லைன் மேல் விழுந்தால் ஒட்டவே மறுத்துவிடும். அந்த டிரிப்லெட்டை அழித்துவிட்டு மற்றதை நகர்த்தி, அதைக் கையால் திரும்ப எழுதுவதுதான் வழி. கடைசியில் கருவிகள் பட்டியில் தாள அமைப்பைத் திரும்ப ஒழுங்குபடுத்தும் கட்டளையை ஓட்டினால் அலங்கோலமான டைகள் சீராகும்.

சிபெலியஸும் இந்த விஷயத்தில் மியூஸ்கோருக்குப் பக்கத்து வீடுதான். பகுதியைத் தேர்ந்து நகல் எடுத்து அரை பீட் தள்ளி ஒட்ட வேண்டும். டிரிப்லெட் பார் லைனைத் தாண்ட முடியாது. சிபெலியஸின் பலம் வேகத்தில் இருக்கிறது. எண் கீபேட் பழகிய கை ஒரு முழு வாத்தியக் குழுவுக்கான பக்கத்தை நிரப்பும் வேகத்தைப் பார்த்தால் பல ஸ்டூடியோக்கள் இன்னும் அதை விடாமல் வைத்திருப்பதன் காரணம் புரியும். எண் கீபேட் இல்லாத மடிக்கணினியில் அந்த வேகம் பாதியாகிவிடும். சிபெலியஸிலேயே உள்ள நோட்புக் குறுக்குவழித் தொகுப்பை இயக்குங்கள், அல்லது தனியாக ஒரு யுஎஸ்பி கீபேட் வைத்துக்கொள்ளுங்கள்.

லில்லிபாண்டில் திரையில் இழுத்துப் போடும் வேலை எதுவும் இல்லை. சுரங்களை எழுத்தும் எண்ணுமாகத் தட்டச்சு செய்து, ஓட்டினால் பிடிஎஃப் வரும். அச்சழகில் மற்ற மூன்றும் இதை எட்டிப்பிடிக்க இன்றும் முயல்கின்றன என்பது என் கருத்து. விட்டுப்போன சுரத்தை அந்த வரியில் தட்டினால் போதும், பின்னால் உள்ளவை நகர்ந்துவிடும். ஆனால் மூன்று பொறிகள் காத்திருக்கின்றன. ஒரு சுரத்துக்கு நீளம் குறிக்காவிட்டால் முந்தையதன் நீளமே தொடரும். எனவே 8 என்று குறித்து எய்த் நோட்டைச் செருகினால், அடுத்து எண் இல்லாமல் நிற்கும் குவார்ட்டர் நோட்டுகள் (ஒரு பீட் சுரங்கள்) எல்லாம் எய்த் நோட்டுகளாகச் சுருங்கிவிடும். அடுத்த சுரத்தில் 4 என்று கட்டாயம் போட வேண்டும். ரெலடிவ் முறையில் ஒவ்வொரு சுரத்தின் ஆக்டேவும் முந்தைய சுரத்தை வைத்தே கணக்கிடப்படும். செருகிய சுரம் அதைக் கலைத்தால் அங்கிருந்து கடைசி வரை முழுதும் ஓர் ஆக்டேவ் ஏறலாம், இறங்கலாம். மூன்றாவது, பார் லைனைத் தாண்டும் சுரத்தை அது தானாகப் பிரிக்காது. ஹாஃப் நோட் (இரண்டு பீட் சுரம்) கடைசி பீட்டில் அப்படியே உட்கார்ந்திருக்கும். டையை நீங்களே எழுத வேண்டும். இல்லையென்றால் சுரங்களை வரையும் நிரல் பகுதியான நோட் ஹெட்ஸ் என்கிரேவருக்குப் பதிலாக கம்ப்ளீஷன் ஹெட்ஸ் என்கிரேவரைப் பொருத்த வேண்டும். ஒவ்வொரு பார் முடிவிலும் செங்குத்துக் கோடு இடும் பழக்கம் இருந்தால், கணக்குப் பிசகும்போது பார்செக் எச்சரிக்கை வரி எண்ணோடு வரும். முதல் எச்சரிக்கை எங்கே வருகிறதோ, பிழை அந்த இடத்தை ஒட்டித்தான் இருக்கும்.

தாளத்தை 4/4-லிருந்து 3/4-க்கு மாற்றினாலும் கதை ஏறக்குறைய இதேதான். டோரிகோவில் மட்டும் ஒரு கூடுதல் கவனம்: அடுத்த தாளக் குறிக்கு முன் பீட்டுகள் மூன்றால் வகுபடாவிட்டால் அங்கே ஒரு குறைப்பார் (பீட் குறைந்த பார்) முளைக்கும். இன்சர்ட் நிலையில் தாளத்தை மாற்றினால் பாரை நிரப்பத் தேவையான பீட்டுகளை அதுவே சேர்த்துக்கொள்ளும்.

ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுகிறவர்களை முதல் வாரம் வாட்டுவது எண் விசைகள். குவார்ட்டர் நோட்டுக்கு சிபெலியஸில் 4, மியூஸ்கோரில் 5, டோரிகோவில் 6. அதே 5 சிபெலியஸில் ஹாஃப் நோட், டோரிகோவில் எய்த் நோட். கை பழகியதை மாற்றிக்கொள்வதைவிட, அமைப்புகளுக்குள் போய் விசைகளை மாற்றிக்கொள்வது எளிது.

பார்ட் (ஒவ்வொரு வாத்தியத்துக்குமான தனித்தாள்) பிரிப்பதில் இந்த மூன்றும், எல்லா வாத்தியங்களும் சேர்ந்த மூல ஸ்கோரோடு இணைந்த பார்ட்டுகளைத் தருகின்றன. சுரத்தை ஒரு இடத்தில் திருத்தினால் இரண்டிலும் மாறும். இரண்டு புல்லாங்குழல்களைத் தனித்தனியாக எழுதி, ஸ்கோரில் மட்டும் ஒரே ஸ்டேவில் (ஐந்துகோட்டு வரியில்) தானாகச் சேர்த்துக் காட்டும் வசதி டோரிகோ ப்ரோவில் உண்டு. பெரிய வாத்தியக் குழுவுக்கு எழுதுகிறவர்களுக்கு இந்த ஒன்றே போதும், வேறு பக்கம் திரும்ப வேண்டாம். ஒரு படைப்பின் பல பகுதிகளை ஒரே கோப்பில் தனித்தனி ஃப்ளோவாக வைக்கும் வசதியும் அதன் சிறப்பு. மியூஸ்கோரில் செக்‌ஷன் பிரேக் போட்டு ஒப்பேற்றலாம். ஒலிக்கு, மியூஸ்கோரோடு இலவசமாகக் கிடைக்கும் மியூஸ் சவுண்ட்ஸ் என்ற ஒலித் தொகுப்பு நன்றாகவே இருக்கிறது. பதிவிறக்கம் பெரியது, நினைவகத்தையும் தாராளமாக விழுங்கும்.

தமிழில் பாடல் வரி இடுகிறவர்கள் வரி எழுத்துருவை முதலிலேயே ஒரு தமிழ் யுனிகோட் எழுத்துருவாக மாற்றிவிடுங்கள். மியூஸ்கோரின் இயல்பு எழுத்துருவான எட்வினில் தமிழ் எழுத்துகள் இல்லை. கணினி தன்னிடம் உள்ள வேறொன்றை இட்டு நிரப்பும், இன்னொரு கணினியில் திறந்தால் அகலம் மாறி சுரங்களின் இடைவெளி கலையும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது கோப்பின் ஆயுள். 1988-இல் வந்த ஃபினாலே என்ற மற்றொரு இசைக்குறிப்பு மென்பொருளின் வளர்ச்சியை நிறுத்துவதாக அதன் நிறுவனம் 2024 ஆகஸ்டில் அறிவித்தது. சிபெலியஸின் லண்டன் அலுவலகம் 2012-இல் மூடப்பட்டபோது அங்கிருந்தவர்கள் ஸ்டெய்ன்பெர்க்குக்குப் போய் 2016-இல் டோரிகோவை வெளியிட்டார்கள். மியூஸ்கோரும் லில்லிபாண்டும் திறமூலம் என்பதால் எந்த நிறுவனம் கை விட்டாலும் நிரல் இருக்கும். லில்லிபாண்டின் கோப்பு வெறும் எழுத்து; எந்த எடிட்டரிலும் திறக்கும், பழைய கோப்பைப் புதிய பதிப்புக்கு மாற்ற கன்வெர்ட்-எல்ஒய் என்ற கருவி கூடவே வருகிறது. அதிலிருந்து, இசைக்குறிப்பு மென்பொருள்கள் தமக்குள் பகிரும் பொதுக் கோப்பு வடிவமான மியூசிக்எக்ஸ்எம்எல் ஆக வெளியே எடுப்பதுதான் சிரமம். யாரோடாவது கோப்பைப் பகிர வேண்டியிருந்தால் இதை முன்பே யோசியுங்கள்.

மற்ற மூன்றில் எதை வைத்திருந்தாலும், ஒவ்வொரு படைப்பும் முடிந்த அன்றே மியூசிக்எக்ஸ்எம்எல், பிடிஎஃப் இரண்டையும் எடுத்து வையுங்கள். ஃபினாலே இன்னும் ஓடும் கணினி இருந்தால், கோப்புறை முழுவதையும் ஒரே முறையில் மியூசிக்எக்ஸ்எம்எல்லாக மாற்றும் கட்டளை அதன் எக்ஸ்போர்ட் பட்டியில் இருக்கிறது. சுரம், நீளம், பாடல் வரி, ஸ்லர் (சுரங்களை இழைத்து இசைக்கச் சொல்லும் வளைகோடு), டைனமிக்ஸ் (ஒலி அளவுக் குறிகள்) பெரும்பாலும் பத்திரமாக வந்து சேரும். பக்க அமைப்பில் கையால் செய்த நுண்திருத்தங்களும் ஒலி அமைப்புகளும் வராது. புதிய மென்பொருளில் திறந்ததும் பிடிஎஃபைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பார் எண்ணிக்கை, தொடக்கத்தில் உள்ள குறைப்பார், கிளாரினெட் போன்ற டிரான்ஸ்போஸ் வாத்தியங்களின் (எழுதியதிலிருந்து வேறு சுருதியில் ஒலிப்பவை) முதல் சுரம், டெம்போ (வேகக்) குறி வெறும் எழுத்தாக வந்திருக்கிறதா என்பது, இந்த வரிசையில் பாருங்கள். டெம்போ வெறும் எழுத்தாகத் தெரிந்தால் அதை அழித்துவிட்டு, அந்த மென்பொருளின் டெம்போ கட்டளையாலேயே மீண்டும் இடுங்கள்.