ராமேசுவரத்தில் ‘எல்லாம் சேர்த்து ஒரே ரேட்’ என்பவர்களிடம் ஜாக்கிரதை

ஆடி அமாவாசை, மகாளய அமாவாசைக்கு ராமேசுவரம் போகிறவர்கள், முக்கியமாகப் பெற்றவர்களுக்குத் திதி கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறந்த பிறகு ரயில் மறுபடி ராமேசுவரம் வரைக்கும் வருகிறது. கூடவே ரயிலடியில் ஆள் பிடிப்பவர்களும் வந்துவிட்டார்கள். அம்மா, சித்தப்பா, மனைவி, நான் என்று நான்கு பேர் இறங்கியதுமே ஒருவர் பையை வாங்கிக்கொண்டார். “ரூம், தர்ப்பணம், தீர்த்தம், மறுநாள் கார், எல்லாம் சேர்த்து ஏழாயிரத்து ஐநூறு. வேற எதுவும் கிடையாதுண்ணே.” எதெல்லாம் அடக்கம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டுதான் சரி என்றோம். அந்தத் தாள் எதற்கும் உதவவில்லை. இவர்கள் ஆரம்பத்தில் பேச்சு மாறுவதே இல்லை. நீங்கள் எழுந்து போக முடியாத நேரம் பார்த்துத்தான் மாறுகிறார்கள்.

விடியற்காலை அக்னி தீர்த்தக் கரையில் தர்ப்பணம். புரோகிதர் என்று ஒருவரை உட்கார வைத்திருந்தார்கள். சங்கல்பம் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பிண்டம் வைத்து, கையில் எள்ளும் தண்ணீருமாக நான் இருக்கும்போது அப்பா இறந்த நட்சத்திரத்தைக் கேட்டார். ரோகிணி என்றேன். விரல் விட்டு எண்ணிவிட்டு, “தனிஷ்டா பஞ்சமி. அடைப்பு இன்னும் கழியலை. திலஹோமம் பண்ணாம இதை முடிச்சா பலன் இல்லை. பதினோராயிரம் ஆகும்” என்றார். அம்மா முகம் வெளுத்துவிட்டது.

சித்தப்பாவுக்கு இந்த விஷயமெல்லாம் கொஞ்சம் தெரியும். தனிஷ்டா பஞ்சமி, அடைப்பு என்பதெல்லாம் சில நட்சத்திரங்களில் இறந்தால் வரும் என்று சொல்லும் தோஷம். அதுவே மாதக் கணக்குதான். அவிட்டம் முதல் ரேவதி வரைக்கும் உள்ள நட்சத்திரங்களுக்குக்கூட ஆறு மாதத்துக்கு மேல் கிடையாது. அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. சித்தப்பா இதைச் சொன்னதும் அவர் தயங்கவே இல்லை, “சரி, பசு தானமாவது பண்ணிடுங்க” என்று அடுத்ததற்குத் தாவினார். பசு எங்கே என்று நான் கேட்க வாயெடுத்தபோது அம்மா, “கையில எள்ளை வச்சுக்கிட்டு பேரம் பேசாதய்யா” என்று சொல்லிவிட்டார். அம்மாவின் அந்த வார்த்தைக்காகத்தான் அவர்கள் காத்திருக்கிறார்கள். 3,000 ரூபாய் போனது. ரசீது கிடையாது. பசுவையும் கடைசிவரை பார்க்கவில்லை.

அப்புறம் ஈரத் துணியோடு வடக்குக் கோபுர வாசல் வழியாக இருபத்திரண்டு தீர்த்தம். “டிக்கெட் நம்மகிட்ட இருக்கு” என்று சொல்லி, வாளியோடு ஓர் ஆளை அனுப்பியிருந்தார்கள். மகாலட்சுமி தீர்த்தத்தில் ஆரம்பித்து முதல் சில கிணறுகளில் நன்றாகவே ஊற்றினார். பாதிகூட வரவில்லை, வாளியைக் கீழே வைத்துவிட்டார். பேக்கேஜில் இவ்வளவுதானாம், மீதிக்குத் தலைக்கு 300 ரூபாயாம். அம்மா நடுங்கிக்கொண்டு நிற்கிறார், பின்னால் கூட்டம் தள்ளுகிறது. கடைசியான கோடி தீர்த்தம் வரைக்கும் போகாமல் பாதியில் திரும்பலாம் என்றால் அம்மா ஒத்துக்கொள்வாரா? கொடுத்தோம். தீர்த்தமாடக் கோயிலிலேயே கவுன்ட்டரில் டிக்கெட் கொடுக்கிறார்கள், கட்டணமும் அங்கேயே எழுதிப் போட்டிருக்கிறது என்பதை வெளியே வரும்போதுதான் பார்த்தோம். இவர் கேட்டதில் கால்வாசிகூட இல்லை. தயவுசெய்து அங்கே நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள். ஈரத் துணியோடு சுவாமி சன்னதிக்கு விடமாட்டார்கள், மாற்றுத்துணியும் கையோடு இருக்கட்டும்.

மறுநாள் கார். தேவிபட்டினம், திருப்புல்லாணி, உத்தரகோசமங்கை, சாயங்காலம் தனுஷ்கோடி என்று தாளில் இருந்தது. டிரைவர் முதலில் நிறுத்தியது ஒரு சங்குக் கடையில். வலம்புரி என்று ஒன்றைக் காட்டி 18,000 சொன்னார்கள். சங்கு வாங்குகிற எண்ணம் இருப்பவர்கள் வாய்ப்பக்கம் விரலை விட்டுப் பாருங்கள்: நம் கடல் சங்குக்கு உள்தண்டில் மூன்று நான்கு மடிப்பு தட்டுப்படும். அமெரிக்கக் கடலில் இயற்கையாகவே வலம்புரி போலச் சுழியும் வேறொரு சங்கு இருக்கிறது, அதற்கு மடிப்பே இருக்காது. அதைத்தான் பல இடங்களில் வலம்புரி என்று தள்ளிவிடுகிறார்கள். எங்களுக்குக் காட்டியதும் வழவழவென்றுதான் இருந்தது. ‘மிதக்கும் கல்’ என்று பவளப்பாறைத் துண்டு கொடுத்தாலும் வாங்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளப்பாறை வருகிறது, மாட்டினால் நீங்கள்தான் பதில் சொல்லவேண்டும்.

அந்தக் கடை, சாப்பாட்டுக்கு அவர் சொன்ன ஹோட்டல், நடுவே தேவிபட்டினத்தில் கடலுக்குள் இருக்கும் நவக்கிரகமான நவபாஷாணம். திருப்புல்லாணி போய்ச் சேர்ந்தபோது நடை சாத்தியிருந்தது. தர்ப்பசயனத்தில், அதாவது தர்ப்பைப் புல்லில் படுத்த கோலத்தில் இருக்கும் ராமரைப் பார்க்கவேண்டும் என்றுதான் சித்தப்பா எங்களோடு வந்ததே. மதியம் கோயில் சாத்தும் என்பது தினமும் அந்த ரோட்டில் ஓட்டுகிற டிரைவருக்குத் தெரியாதா என்ன. அடுத்து அவர் சொன்னதுதான் உச்சம். உத்தரகோசமங்கையிலும் நடை சாத்தியிருக்கும், ஆனால் உள்ளே தெரிந்தவர் இருக்கிறார், 2,000 கொடுத்தால் சந்தனம் இல்லாமல் மரகத நடராசரைக் காட்டுவார் என்றார். மரகத நடராசர் வருடம் முழுக்கச் சந்தனக் காப்பில் இருப்பவர். மார்கழித் திருவாதிரையை ஒட்டித்தான் சந்தனம் களைவார்கள், அதற்கென்றே அன்றைக்கு ஊர் நிறைந்துபோகும். ஒரு டிரைவர் சொல்லிக் களைகிற சந்தனம் இல்லை அது.

தனுஷ்கோடிக்கு முகுந்தராயர் சத்திரத்தோடு கார் நின்றுவிடும், மேலே ஜீப்புக்குத் தனிக் காசு என்றார். மணலில் வண்டி இறங்க முடியாத காலத்தில் அது உண்மை. 2017 ஜூலையில் அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு திறந்தாகிவிட்டது. கார் போகிறது, அரசுப் பேருந்தும் போகிறது. பொழுது சாய்ந்தால் போலீஸ் உள்ளே விடமாட்டார்கள், அதனால் முன்னாலேயே போய்விடுங்கள். நாங்கள் அங்கேயே காரை அனுப்பிவிட்டுப் பேருந்தில்தான் போனோம்.

ரூமைக் காலி செய்யும்போது அந்தத் தாளைக் காட்டி விடுதியில் சண்டை போட்டதில் 1,000 ரூபாய் திரும்ப வந்தது. பசு தானப் பணத்தைப் பற்றிக் கேட்டால், அந்தப் புரோகிதர் எங்கள் ஆளே இல்லை என்கிறார்கள். கோயில் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். இதுவரை பதில் இல்லை, வந்தால் இங்கேயே போடுகிறேன்.