வெப்பக்காப்பு மாடலுக்கு எதை வாங்கலாம்? கடைப் பொருள்கள் ஓர் அலசல்

பள்ளிக் கண்காட்சிக்கு வெப்பக்காப்பு மாடல், அதாவது வெந்நீரைச் சீக்கிரம் ஆறவிடாமல் காக்கும் மாடல், என்றதும் பலரும் முதலில் வாங்குவது அலுமினியம் ஃபாயில். அதைப் பட்டியலில் கடைசிக்குத் தள்ளுங்கள். ஸ்டேஷனரி கடை, மெத்தைக் கடை, மரப் பட்டறை என்று அலைந்தால் கிடைக்கிற பொருள்களில் எங்கள் முதல் மார்க் இலவம்பஞ்சுக்குத்தான். ஆனால் எதை வாங்கினாலும் மூடி சரியில்லை என்றால் காசு வீண்.

எல்லாப் பொருளையும் ஒரே அமைப்பில்தான் ஒப்பிட வேண்டும். 250 மி.லி. எவர்சில்வர் டம்ளரில் 70 டிகிரி செல்சியஸ் வெந்நீர் 200 மி.லி. எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் அடியிலும் 3 செ.மீ. இடம் விடுகிற அகன்ற வாய் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் டம்ளரை வையுங்கள். வெந்நீர் ஊற்றுவதற்கு முன் டம்ளரைச் சுடுதண்ணீரில் அலசிவிட வேண்டும். இல்லாவிட்டால் டம்ளர் சூடாவதற்கே கொஞ்சம் வெப்பம் போய், முதல் அளவீடே தவறிவிடும்.

இலவம்பஞ்சு: வெப்பத்தைத் தடுப்பது பஞ்சு அல்ல, அதற்குள் அசையாமல் நிற்கும் காற்று. இலவ இழை ஒவ்வொன்றும் உள்ளே வெற்றுக் குழல், வெளியே மெழுகுப் பூச்சு. அதனால் காற்றையும் பிடித்து வைக்கிறது, ஈரமும் ஒட்டுவதில்லை. மேலே சொன்ன டப்பாவுக்கு 40 கிராம் போதும். கொட்டையைப் பொறுக்கி எறிந்துவிட்டு, பஞ்சை நன்றாகப் பிய்த்து உதறி, லேசாக நிரப்புங்கள். குச்சியால் குத்தி அமுக்கினால் காற்று வெளியேறி, இழையோடு இழை ஒட்டி வெப்பத்துக்கு வழி திறந்துவிடும். மருந்துக் கடைப் பஞ்சு ரோல் இந்த வேலைக்கு வேண்டாம். மெழுகை நீக்கித்தான் அதைத் தயாரிக்கிறார்கள் என்பதால் சிந்திய தண்ணீரை அப்படியே குடித்துவிடும். அசையாத காற்றின் வெப்பக் கடத்துதிறன் (வெப்பத்தை எவ்வளவு எளிதாகக் கடத்துகிறது என்ற அளவு) மீட்டர்-கெல்வினுக்கு சுமார் 0.026 வாட், தண்ணீருடையதோ 0.6. நனைந்த பஞ்சு எவ்வளவு மோசம் என்று இதிலிருந்தே கணக்குப் போடலாம்.

தெர்மாகோல்: காப்பில் பஞ்சுக்குச் சமம் என்றே சொல்லலாம், மாடலும் பார்க்க நேர்த்தியாக இருக்கும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தெர்மாகோல் கப், தட்டுக்குத் தடை இருப்பதால் கப் கேட்டு அலைய வேண்டாம், 25 மி.மீ. ஷீட் வாங்குங்கள். புது கட்டர் பிளேடை ஒரே இழுப்பாக இழுத்து வெட்ட வேண்டும். அறுத்தால் மணிமணியாக உதிர்ந்து கையெல்லாம் ஒட்டும், விளிம்பில் சந்தும் விழும். அந்தச் சந்து வழியாகக் காற்று ஓடினால் தடிமனுக்கே அர்த்தமில்லை. செருப்பு ஒட்டுகிற மஞ்சள் ரப்பர் பசை தெர்மாகோலைக் கரைத்துப் பள்ளமாக்கிவிடும். வெள்ளைப் பசையைத் தடவி, பேப்பர் டேப் சுற்றி, ஒரு ராத்திரி காயவிடுங்கள்.

பபுள் ராப் சுமார்தான். ஒரு சுற்றுக்குச் சில மில்லிமீட்டர் கனம்தான் சேரும், இறுக்கிச் சுற்றினால் குமிழும் நசுங்கும். மரத்தூளும் உமியும் நன்றாகக் காய்ந்திருந்தால் தேறும்.

ஃபாயிலைப் பற்றி ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். அது தடுப்பது வெப்பக் கதிர்வீச்சை மட்டும்தான், அதுவும் பளபளப்பான முகத்துக்கு எதிரே காற்று இடைவெளி இருந்தால்தான். பஞ்சுக்கும் டம்ளருக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தால் அது வெறும் உலோகத் தாள். எவர்சில்வர் டம்ளர் ஏற்கெனவே பளபளப்பு, அதன்மேல் ஃபாயில் சுற்றிப் பெரிய லாபமில்லை. கண்ணாடி டம்ளராக இருந்து, சுற்றிலும் காற்று இடைவெளியும் இருந்தால் வித்தியாசம் தெரியும்.

இப்போது மூடி. 200 மி.லி. வெந்நீரிலிருந்து ஒரே ஒரு கிராம் ஆவியாகிப் போனாலும் மிச்சத் தண்ணீர் ஏறக்குறைய 2.8 டிகிரி இறங்கிவிடும். பக்கவாட்டில் எத்தனை அடுக்கு சுற்றினாலும் இந்த இழப்பை ஈடுகட்ட முடியாது. 25 மி.மீ. தெர்மாகோலை டப்பாவின் உள்வட்டத்துக்குச் சரியாக வெட்டி, டம்ளர் விளிம்பின் மேல் அழுந்த உட்கார வையுங்கள். விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் உலோகம் வழியாகவே சூடு வெளியேறும். தெர்மாமீட்டருக்கான துளை அது இறுக்கமாக நுழைகிற அளவுக்கு இருந்தால் போதும், அதைவிடப் பெரிதாகப் போட்டால் ஆவி அந்த வழியே கிளம்பும்.

தெர்மாமீட்டரில் சிக்கனம் பார்க்காதீர்கள். காய்ச்சல் பார்க்கிறது 42 டிகிரியோடு நின்றுவிடும், வெந்நீரில் வைத்தால் உடைந்தும் போகும். லேப் கண்ணாடி தெர்மாமீட்டர் 110 வரை காட்டும். மீன்தொட்டிக் கடையில் கிடைக்கிற, வயர் நுனியில் சென்சார் உள்ள டிஜிட்டல் மீட்டர் இன்னும் வசதி, மூடியைத் திறக்காமலே படிக்கலாம். இந்த ரக மீட்டர்களில் ஒரு டிகிரி முன்பின் காட்டுவது சகஜம் என்பதால் எல்லா டப்பாவுக்கும் ஒரே மீட்டரையே பயன்படுத்துங்கள். சென்சார் டம்ளர் சுவரைத் தொடக் கூடாது, தண்ணீரின் நடுவில் தொங்க வேண்டும். மேல்தண்ணீர் சூடாகவும் அடித்தண்ணீர் சற்று ஆறியும் இருக்கும். ஆகவே படிக்கும் முன் மூடியைத் திறக்காமல் டப்பாவை மெதுவாக ஒருமுறை சுழற்றுங்கள். மின்விசிறியை அணைத்துவிட்டு, 5 நிமிடத்துக்கு ஒருமுறை வீதம் 30 நிமிடம் குறித்தால் போதும். ஒரு டப்பா 72-லும் இன்னொன்று 69-லும் தொடங்கியிருந்தால் இறங்கிய டிகிரியை நேராக ஒப்பிடாதீர்கள். ஒவ்வொன்றிலும் தொடக்க வெப்பநிலையிலிருந்து அறை வெப்பநிலையைக் கழித்து, இறங்கிய டிகிரியை அந்த மிச்சத்தால் வகுத்து ஒப்பிடுங்கள்.