லட்டும் பூந்தியும்: செஃப் கிளஸ்டருடன் 5 வருடம்

அலுவலகத்தில் செஃப் கிளஸ்டர் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். பல சர்வர்களின் டிஸ்குகளைச் சேர்த்து ஒரே சேமிப்பிடமாக்கும் மென்பொருள்தான் செஃப். 5 வருடம் ஆகப்போகிறது. (சமையல்காரர் செஃப் இல்லை, ஆக்டோபஸ் வகையறாவைக் குறிக்கும் செஃபலோபாட் என்ற சொல்லிலிருந்து வந்த பெயர்.) 4 சர்வர், ஒவ்வொன்றிலும் 4 டிபி டிஸ்க் ஆறு. மொத்தம் 96 டிபி. எதையும் 3 நகலாக வைப்பதால் கைக்கு வருவது 32 டிபி, அதையும் விளிம்புவரை நிரப்ப முடியாது.

எந்தத் தரவு எந்த டிஸ்கில் இருக்கிறது என்று குறித்துவைக்கும் பேரேடு இதில் கிடையாது. ஆப்ஜெக்ட்டின் (தரவுத் துண்டின்) பெயரை ஹாஷ் செய்து, அதாவது ஒரு எண்ணாக மாற்றி, பிளேஸ்மென்ட் குரூப் என்ற தொகுப்பு ஒன்றில் சேர்க்கும். அந்த குரூப் எந்த மூன்று டிஸ்குக்குப் (மூன்றும் வெவ்வேறு சர்வரில்) போக வேண்டும் என்பதை கிரஷ் அல்காரிதம் கணக்குப் போட்டுச் சொல்லும். செஃபை உருவாக்கிய சேஜ் வைலும் சகாக்களும் 2006-இல் எழுதிய கட்டுரையில் வந்தது. படித்ததும் சொக்கிப்போனேன். அதுவே சமமாகப் பிரித்துக்கொள்ளும் என்று நம்பி, குரூப் எண்ணிக்கையை 128 என்று போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டேன்.

இரண்டாம் வருடம் ஒரு காலை மஞ்சள் எச்சரிக்கை: ஒரு டிஸ்க் 85% நிரம்பிவிட்டது. சராசரியோ 62%தான். டிஸ்க் வாரியாகப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. 128 குரூப், 3 நகல், 24 டிஸ்க்: ஒன்றுக்குச் சராசரி 16. அந்த டிஸ்குக்கு 22 விழுந்திருந்தது, இன்னொன்றுக்கு 11. கிரஷ் டிஸ்கின் எடையை (அதன் கொள்ளளவை வைத்துத் தரும் எண்ணை) மட்டும்தான் பார்க்கும், எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பார்க்காது. கண்ணை மூடிக்கொண்டு லட்டு லட்டாகப் போட்டால் ஒருவர் இலையில் குவியத்தான் செய்யும். பூந்தியாக உதிர்த்துப் போட்டால் அவ்வளவு வித்தியாசம் வராது. ஒரே ஒரு டிஸ்க் 95% தொட்டாலும் அதைப் பயன்படுத்தும் பூலில் (குரூப்புகள் அடங்கிய சேமிப்புப் பகுதியில்) எழுதுவது நின்றுவிடும் என்பதால் கொஞ்சம் வியர்த்தது. குரூப்பை 1024 ஆக்கி, குரூப்புகளை டிஸ்குகளுக்குள் சமப்படுத்தும் அப்மேப் பேலன்சரையும் போட்டேன். தரவு இடம் மாறி முடிக்க நாட்கள் பிடித்தன. அதன் பிறகு டிஸ்குகளுக்குள் பெரிய ஏற்ற இறக்கம் இல்லை.

டிஸ்க் சாவதெல்லாம் இப்போது செய்தியே இல்லை. 10 நிமிடம் பார்த்துவிட்டு, மற்ற டிஸ்குகளில் தானே புது நகல் எடுத்துக்கொள்ளும். ஆனால் 3 சர்வரோடு 3 நகல் வைக்க நினைப்பவர்களுக்கு ஒன்று: ஒரு சர்வர் போனால் மூன்றாவது நகலுக்குப் போக இடம் இருக்காது. நாலாவதாக ஒன்று வாங்கிவிடுங்கள்.

நாலு இருந்தும் ஒரு நாள் படுத்தது. பவர் ஸ்ட்ரிப் ஒன்று ட்ரிப் ஆகி, இரண்டு சர்வர் ஒன்றாக அணைந்தன. கணக்குப்படி பாதி குரூப்புகளுக்கு இன்னும் 2 நகல் உயிரோடு இருந்தது. மீதிப் பாதிக்கு ஒன்றே ஒன்று. குறைந்தது 2 வேண்டும் என்பதால் அந்தப் பாதி உறைந்தது. இந்தக் கிளஸ்டரில் டிஸ்கை வைத்திருக்கும் விர்ச்சுவல் மெஷின்களில் (மென்பொருளாக ஓடும் கணினிகளில்) பாதியாவது ஓடும் என்று பார்த்தால், ஒன்றுகூட அசையவில்லை. அவற்றின் டிஸ்க் எல்லாம் 4 எம்பி துண்டுகளாக எல்லா குரூப்பிலும் சிதறிக் கிடக்கிறதே! தரவு எதுவும் போகவில்லை, மின்சாரம் திரும்பியதும் எழுந்துவிட்டது.

ஒரே ஸ்ட்ரிப்பில் இரண்டு சர்வர் இருப்பது கிரஷ் மேப்புக்கு (எந்த சர்வரில் எந்த டிஸ்க் என்று கிரஷுக்குச் சொல்லும் வரைபடத்துக்கு) எப்படித் தெரியும்? இத்தனைக்கும் எல்லா சர்வரிலும் இரட்டை பவர் சப்ளை உண்டு. இரண்டு ஒயரையும் பக்கத்தில் இருந்த ஒரே ஸ்ட்ரிப்பில் சொருகியது நான்தான். இப்போது ஒன்றுக்குச் சிவப்பு டேப், ஒன்றுக்கு நீல டேப், வெவ்வேறு ஸ்ட்ரிப்பில்.