"மோட்டார் போச்சு" என்று சொன்னால் உடனே பணம் கொடுத்துவிடாதீர்கள்

வீட்டில் வாக்கம் கிளீனர் இருக்கிறதா? ஆஸ்துமா, தூசி அலர்ஜி உள்ளவர்களும் இருக்கிறார்களா? அப்படியென்றால் இதைப் படித்துவிடுங்கள். சர்வீஸ் என்ற பெயரில் என்னிடம் 3,400 ரூபாய் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பணம் போனதைவிட, அவர்கள் மாட்டிவிட்டுப் போன ஃபில்டரை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது.

எங்கள் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும்போது நின்றுவிடும். கொஞ்ச நேரம் விட்டுப் போட்டால் மறுபடி ஓடும். கம்பெனி பெயரைப் போட்டு இணையத்தில் தேடியபோது முதலில் வந்த 'சர்வீஸ் சென்டர்' எண்ணுக்குப் பேசினேன். கம்பெனி முத்திரை போட்ட சட்டையோடு ஒருவர் வந்தார். சுவிட்சைப் போட்டுச் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு, "மோட்டார் காயில் போச்சு சார், ஃபில்டரும் மாத்தணும்" என்று மெஷினை எடுத்துப் போனார். மறுநாள் மோட்டாருக்கு 2,200, நுண்தூசியைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டருக்கு 900, வந்து போனதற்கு 300. பில் வாட்ஸ்அப்பில் வரும் என்றார், வரவே இல்லை. பழைய மோட்டாரைக் கேட்டதற்கு, கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்றார்.

மெஷின் நிற்காமல் ஓடியது. ஆனால் வீடு கூட்டிய நாளெல்லாம் அம்மாவுக்கு வீசிங். காற்று வெளியே வரும் துளைகளில் விரலை வைத்தால் மாவு மாதிரி தூசி ஒட்டியது.

எங்கள் தெருவில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் பார்க்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் மேல்மூடியைத் திறந்ததுமே, "மோட்டாரை யாரும் தொடவே இல்லையே" என்றார். மோட்டார் கூட்டின் ஸ்க்ரூ தலைகளில் பழைய தூசி கெட்டியாக அப்பிக் கிடந்தது. மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷும் பாதிகூடத் தேயவில்லை. இந்த வகை மெஷினில் உறிஞ்சுகிற காற்றுதான் மோட்டாரையும் குளிர வைக்கிறது. ஃபில்டர் அடைத்துக்கொண்டால் காற்று குறையும், மோட்டார் கொதிக்கும், உள்ளே இருக்கும் தெர்மல் கட்-ஆஃப் மெஷினை நிறுத்திவிடும். ஆறினதும் ஓடும். காயில் கருகியிருந்தால் கருகல் வாடை வருமே, இப்படி ஆறி ஆறி நன்றாக ஓடாதே என்றார். ஆக, ஃபில்டரை மட்டும் மாற்றிவிட்டு மோட்டாருக்கும் காசு வாங்கியிருக்கிறார்கள்.

அந்த ஃபில்டரை அண்ணன் டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துக் காட்டினார். காகித மடிப்புக்கும் பிளாஸ்டிக் சட்டத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. சுற்றிலும் இருக்க வேண்டிய ரப்பர் வாஷர் இல்லை. தூசியே படக்கூடாத மறுபக்கத்தில், ஓரம் முழுக்கச் சாம்பல் நிறக் கோடு. ஹெப்பா என்றால் 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும். ஐரோப்பியத் தரமென்றால் எச்13 என்பது போல வகுப்பு போட்டிருக்கும். இந்த அட்டைப்பெட்டியில் 'ஹெப்பா' என்ற பெயரைத் தவிர ஒன்றுமே இல்லை. பெரிய குப்பை பைக்குள் தங்கிவிடும். நுரையீரலுக்குள் போகக்கூடிய நுண்தூசி ஓர இடைவெளி வழியாக அறைக்கே திரும்பி வந்திருக்கிறது, அதுவும் வேகமாக.

போகும்போது அந்த ஆள், "வாரா வாரம் சோப்புத் தண்ணியில் அலசுங்க" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார். கேட்காதீர்கள். ஸ்பான்ஜ் ஃபில்டரை வெறும் தண்ணீரில் அலசி, ஒரு நாள் முழுக்க நிழலில் உலர்த்தி மாட்டலாம். ஈரத்தோடு மாட்டினால் பூஞ்சை வாடை வரும், மோட்டாரும் கெடும். கழுவலாம் என்று போட்டிராத காகித ஃபில்டரில் தண்ணீரே படக்கூடாது; தட்டிச் சுத்தம் செய்யலாம், தேறாவிட்டால் புதிது வாங்க வேண்டியதுதான்.

மெஷின் இப்படி நின்றால் முதலில் பை, ஃபில்டர், ஹோஸ் மூன்றையும் பாருங்கள். அப்புறமும் ஆள் கூப்பிட வேண்டுமென்றால் எண்ணை வாரண்டி அட்டையிலிருந்து எடுங்கள். கண்ணெதிரே திறக்கச் சொல்லுங்கள், கழற்றிய பாகத்தைக் கையில் வாங்குங்கள்.

வாரண்டி அட்டையில் இருந்த எண்ணில் கேட்டபோது, அப்படி ஒரு சென்டரே தங்களுக்கு இல்லை என்றார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் ரூபாய் வரை அங்கே கட்டணம் கிடையாது. யூபிஐ ரசீது, அந்த எண்ணோடு பேசிய வாட்ஸ்அப், ஃபில்டர் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறேன். இதே மாதிரி ஏமாந்தவர்கள் இருந்தால் நீங்களும் புகார் கொடுங்கள்.