பழைய வீட்டு வயரிங்: முழுசா மாத்துறதா, போர்டை மட்டும் மாத்துறதா?

கொழும்பில வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் பழைய வீடு வச்சிருக்கிற கனபேர் கேக்கிறது இதைத்தான், முழு வயரிங்கையும் கழட்டிப் புதுசா போடுறதா இல்லாட்டி மெயின் போர்டையும் ட்ரிப் சுவிட்சையும் (கரண்ட் லீக்கானா தானா விழுந்து லைனை வெட்டுற சுவிட்ச்) மட்டும் மாத்திப்போட்டு விடுறதா எண்டு.

காசு
முழுசு: பொயிண்ட் (லைட், பிளக் ஒவ்வொண்டும் ஒரு பொயிண்ட்) கணக்கில கூலி, வயர் வேற, அதோட சுவர் வெட்டின இடமெல்லாம் பூசி பெயின்ட் அடிக்கோணும், இதைத்தான் ஆக்கள் கணக்கில சேர்க்க மறக்கினம்.
போர்டு: சாமான் காசு, கூலி, அவ்வளவுதான்.

கரைச்சல்
முழுசு: வீடெல்லாம் தூசி.
போர்டு: பெரும்பாலும் பின்னேரத்துக்குள்ள கரண்ட் வந்திடும்.

பாதுகாப்பு
முழுசு: எல்லா பிளக்குக்கும் எர்த் வரும்.
போர்டு: 30 மில்லிஆம்பியர் ட்ரிப் சுவிட்ச் ஷாக்குக்கு நல்லம்தான், ஆனா லூசான ஜொயிண்ட் சூடாகிறது அதுக்குத் தெரியாது. பழைய வயர்ல லீக் இருந்தா சும்மா சும்மா விழும், பிறகு ஆராவது அதை பைபாஸ் பண்ணி விடுவினம், அது இருந்தும் ஒண்டுதான் இல்லாட்டியும் ஒண்டுதான்.

எதுக்கும் முதல் டெஸ்ட். பல்ப், டிவி எல்லாம் கழட்டிப்போட்டு 500 வோல்ட் மெகர் (வயரின்ர இன்சுலேஷன் நல்லா இருக்கோ எண்டு அளக்கிற மீட்டர்) வச்சுப் பாக்கச் சொல்லுங்கோ, எர்த் ரீடிங்கும் எடுக்கோணும். பிவிசி வயர், 1 மெகாஓமுக்கு நல்லா மேல காட்டுது, புதுசா ஏசி போடுற பிளானும் இல்லையெண்டா போர்டு மட்டும் காணும். ரப்பர் வயர், தொட்டா உதிருது, எர்த்தும் இல்லையெண்டா முழுசா மாத்துங்கோ, காசு முட்டெண்டா குசினியும் பாத்ரூமும் முதல்ல. கொட்டேஷன்ல டெஸ்டிங்கை தனியா எழுதித் தரச் சொல்லுங்கோ.