படுவான்கரையில் வீடு வாங்க இருப்போர் கவனத்திற்கு: உறுதிக் காணி என்று காட்டப்பட்ட பெர்மிட் காணி

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், ஒரு சிறிய கல்வீட்டை வாங்கித் திருத்திக் குடியேற இருந்த எங்கள் குடும்பத்தைத் தரகர் ஒருவரும் வீட்டை விற்க வந்தவரும் சேர்ந்து ஏமாற்றிய விதத்தை, அப்பக்கம் வீடு தேடுகிற மற்றவர்களும் அறிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையிலிருந்து அங்கே போய் வீடு பார்ப்பது இலகுவாகிவிட்டது. காணியின் பூர்வீகம் தெரியாமல் வருகிறவர்களைத்தான் இவர்கள் குறிவைக்கிறார்கள்.

ஓடு மாற்ற வேண்டும், குசினிப் பக்கத்துக் கைமரங்களைக் கறையான் தின்றுவிட்டது, மலசலகூடம் புதிதாகக் கட்ட வேண்டும் என்பதெல்லாம் தெரிந்தே விலை பேசினோம். மாரியில் வெள்ளம் வீட்டுக்குள் ஏறுவதைச் சொல்லாமல், வறண்ட கச்சான் காற்றடிக்கும் ஆடி மாதத்தில், புதுச் சுண்ணாம்பு பூசிய சுவரைக் காட்டினார்கள். அதையும் பொறுத்துக்கொண்டிருப்போம்.

பொறுக்க முடியாதது காணி விடயம். உறுதிக் காணி, அதாவது உறுதிப்பத்திரமுள்ள சொந்தக் காணி, என்று தரகர் தந்த உறுதிப் பிரதியை எங்கள் நொத்தாரிசு மட்டக்களப்புக் காணிப் பதிவகத்தில் தேடிப் பார்த்தபோது, அதிலுள்ள எல்லைகள் பக்கத்து வளவுக்குரியவை என்று தெரியவந்தது. வீடு நிற்பதோ 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு அனுமதிப்பத்திரத்தில் வழங்கிய பெர்மிட் காணியில். பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதமின்றி அதைக் கைமாற்றினால் செல்லாது. காலமான தகப்பனின் பெயரிலிருந்த அந்தப் பெர்மிட்டில் பின்னுரித்தாளராக, அதாவது தகப்பனுக்குப் பின் காணியைப் பெறுபவராக, குறிக்கப்பட்டிருந்தவர், விற்க வந்த மகன் அல்லர், அவருடைய தமக்கை. வீடு பெண்பிள்ளைக்கே என்பது எங்கள் பகுதி வழக்கம். வெளிநாட்டில் உழைக்கும் அந்தப் பெண்ணுக்குத் தன் வீடு விலைபேசப்படுவதே தெரியாது என்பதைக் கேட்டபோது, எங்கள் நட்டத்தைவிட அதுவே எனக்கு அதிகம் வலித்தது.

நாங்கள் கொடுத்திருந்த முற்பணத்தைத் திருப்பிக் கேட்டதும், கையால் எழுதி ஒப்பமிட்ட கடதாசியைக் காட்டி, “நீங்கதான் பேச்ச மீறினீங்க” என்றார் தரகர். நொத்தாரிசு முன், இரு சாட்சிகளுடன் எழுதப்படாத காணி விற்பனை உடன்படிக்கைக்கு 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி வலு இல்லை. ஆயினும் இதை அறியாதவரை மிரட்டுவதற்கு அந்தக் கடதாசி போதும்.

பொலிஸில் முறைப்பாடு செய்திருக்கிறோம். பணம் இன்னும் வரவில்லை. அதே வீடு மறுபடியும் விலைக்குக் காட்டப்படுவதாக அறிகிறோம். ஆகையால் எவரேனும் உறுதிப் பிரதி தந்தால், அதன் எல்லைகளைக் காணிப் பதிவகத்தில் ஒப்பிட்டு, பெர்மிட் யார் பெயரில் உள்ளது, பின்னுரித்தாளர் யார் என்பதைப் பிரதேச செயலகத்துக் காணிப் பிரிவில் கேட்டறியும் வரை ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.